பேணி மண்ணும் பன்னிரண்டாம் வாய்ப்பாடும்

ராத்தா,

இன்று காலை மழை விட்டதும் யன்னலைத் திறந்தேன். ஈர மண் மணத்தது. வெளியே முற்றத்து மண் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, மணம் யன்னல் கட்டையில் இருக்கும் உங்கள் தகரப் பேணியிலிருந்து வருகிறது. அதன் மூடி ஒருநாளும் சரியாகப் பொருந்தியதில்லை. சாரல் அடித்து உள்ளே நனைந்துவிட்டது. சீமை பிஸ்கட் வந்த பேணி அது. மூடியில் இருந்த வெள்ளைக்காரச் சீமாட்டியின் முகத்தைத் துரு தின்றுவிட்டது, தொப்பி மட்டும் மிச்சம். உள்ளே அரைப் பேணிக்கு உங்கள் ஊர் அக்குறணை மண்.

விடுதிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியை எட்டிப் பார்த்து, "இது என்ன மிஸ், பூ விதை போட்டு வைச்சிருக்கிறீங்களா?" என்று கேட்டாள். வெறும் மண் என்றேன். மண்ணை ஏன் பேணிக்குள் வைத்திருக்கிறீர்கள் என்றாள். "அலுமாரிக்கு மேல வைச்சா எடுக்க ஏற வேணும், அதுதான் யன்னலில வைச்சிருக்கிறன்" என்றேன். அவள் ஒன்றும் விளங்காமல் போய்விட்டாள். என் வாய் உங்களுக்குத் தெரிந்ததுதானே. கேட்டதற்கு நேரே பதில் சொன்னால் குறைந்துபோய்விடுவேன் போல.

நீங்கள் கண் மூடி, மௌத்தாகி, நாற்பது நாள் ஆகப் போகிறது. மூன்றாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அங்கே உங்கள் மருமகள் ஒரு விஷயம் சொன்னாள். அதிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். ஆனால் முதலில் இருந்துதான் வருவேன், கணக்கை நடுவில் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. உங்களுக்குத் தமிழ் எழுத்து வராது, அறபு எழுத்தில் எழுதும் அறபுத் தமிழ்தான் வாசிப்பீர்கள். அதனால் எழுதி முடித்துவிட்டு உரக்க வாசிக்கப் போகிறேன்.

ஒன்பது வருடம் ஆகிறது. எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அலுமாரிக்கு மேலே இருந்த பூகோள உருண்டையை எடுக்கக் கதிரையில் ஏறினேன். பிள்ளைகள் யாரையாவது ஏறச் சொல்லியிருக்கலாம். "விழுந்து வைப்பீங்கள், தள்ளுங்கோ" என்று அவர்களை விலக்கிவிட்டு நானே ஏறி, நானே விழுந்தேன். உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழும்பப் பார்த்தால் வலது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பாதம் மட்டும் வெளிப்பக்கம் சரிந்து, எனக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தியின் பாதம் போலக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் போட்ட கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் நீங்கள் இருந்தீர்கள். இரண்டு நாள் முந்தி வந்தவர், வயதிலும் மூத்தவர், அதனால் அக்கா என்பதை உங்கள் ஊர் வழக்கில் ராத்தா என்றேன். விடியல் தொழுகைக்கு, சுபஹுக்கு, முகம் கை கால் கழுவி ஒளுச் செய்யப் போய், கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னீர்கள். வீட்டில் பத்து நாள் எண்ணெய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஊரில் எலும்பு முறிவு பார்க்கும் சிங்கள வெதமாத்தயா வந்து, பாதம் சரிந்திருப்பதைப் பார்த்த உடனே கையை எடுத்துவிட்டாராம். கை என்றால், முழங்கால் என்றால் நான் கட்டுவேன், இது இடுப்பு, கண்டிக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னாராம். நல்ல மனிதர். அவரை அழைக்கத்தான் உங்கள் ஆட்களுக்குப் பத்து நாள் எடுத்தது.

உங்களுக்கு ஆங்கிலமும் சிங்களமும் ஓடாது. டொக்டர் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். தொடை எலும்பு மேலே போகும்போது நேராகப் போவதில்லை. ஒரு பக்கமாக வளைந்து, நுனியில் ஒரு உருண்டைத் தலையோடு இடுப்புக் குழிக்குள் இருக்கிறது. வளைகிற இடம் கழுத்து. எங்கள் இருவருக்கும் முறிந்திருந்தது அந்தக் கழுத்து. நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள்.

"அப்ப எடுப்பு ஒடஞ்சதுண்டு சொல்றது பொய்யா? ஒடஞ்சீக்கிறது தொடையா?"

"ஓம், தொடைதான். தொடையின்ர கழுத்து."

"ஒரு எலும்புக்குக் கழுத்தும் தலையும் ஈக்கிற. அதுக்கு வாய் இல்லாதது நல்லது டீச்சர். நாம விழுந்த நேரம் நல்லா ஏசியிருக்கும்."

வந்த முதல் நாள், அந்த வலியோடு, நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக உங்கள்மேல் கோபமும் வந்தது.

காலில் நீளத்துக்கு ஒட்டுத்துணி ஒட்டி, அதிலிருந்து கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் கப்பி வைத்து, கயிற்று நுனியில் பத்து இறாத்தல் இரும்பைத் தொங்கவிட்டார்கள். பாதத்துக்கு இரண்டு பக்கமும் மணல் பை. தொடைத் தசை சும்மா இராது, முறிந்த எலும்பை மேலே மேலே இழுக்கும், அதற்கு எதிராக இந்தப் பாரம் கீழே இழுத்துப் பிடித்திருந்தால்தான் முனையும் முனையும் சேரும் என்று டொக்டர் சொன்னார். மூன்று மாதம். மூன்று மாதம் முடிந்து நடப்பேனா என்று கேட்டேன். அவர் நேரே பதில் சொல்லவில்லை. இந்த முறிவில் ஆளைக் கொண்டுபோவது எலும்பு இல்லை, படுக்கை. நெஞ்சில் சளி கட்டாமலும் முதுகில் புண் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம் என்றார்.

என் பிரச்சினை உங்களுக்கு அந்தக் கிழமையே தெரிந்துவிட்டது. ஊரிலிருந்து அண்ணா எழுதியிருந்த கடிதத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் மூலை அறையை ஒழித்து வைத்திருக்கிறாராம். இனி என்ன உத்தியோகம், வந்து அங்கே படுத்திரு என்று எழுதியிருந்தார். இருபத்தேழு வருடம் கண்டியில் என் சம்பளத்தில் என் அறையில் இருந்தவள் நான். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது, கேற்றிலிருந்து என் வகுப்புக்கு நாற்பத்தொரு படி. அந்தப் படி ஏறினால் நான் ஆசிரியை. ஏறாவிட்டால் அண்ணாவின் மூலை அறையில் ஒரு கட்டில். அண்ணா நல்லவர், அண்ணியும் நல்லவர். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

நீங்கள் வந்ததிலிருந்து ஒரே கவலையாக இருந்தது தொழுகை. தண்ணீரால் ஒளுச் செய்ய முடியாது. நான் வந்த மறுநாள் உங்கள் கணவர் வீட்டு முற்றத்து மண்ணை அரித்து இந்தப் பேணியில் கொண்டு வந்தார். தண்ணீர் பாவிக்க முடியாதவர்கள் சுத்தமான மண்ணில் கையை வைத்து முகத்தையும் கையையும் தடவிக்கொள்ளலாம் என்று எனக்கு விளக்கினீர்கள். நர்ஸ் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குள் மண் வரக் கூடாது என்றார். "மிஸ்ஸி, நீங்க எண்ட காலுக்கு ரெண்டு பக்கமும் மண்ணத்தானே மூட்டையாக் கட்டி வெச்சீக்கிறீங்க" என்றீர்கள். நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் அவரே பேணியை எடுத்து உங்கள் கையில் தந்தார்.

அடுத்தது கிப்லா, தொழும்போது முகம் பார்க்க வேண்டிய மக்கா திசை. மல்லாந்து படுத்துத் தொழுதால் கால் மக்கா பக்கம் நீள வேண்டி வருகிறது. அந்தப் பக்கம் காலை நீட்டுவதா என்று உங்களுக்கு மனசு வரவில்லை. உங்கள் கணவர் பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்தார்: படுத்திருப்பவர் பாதத்தை அந்தப் பக்கம் வைத்து, தலையணையால் தலையை உயர்த்தி, முகம் அங்கே பார்க்கத் தொழலாம். சரி என்று நர்ஸும் இரண்டு அற்றெண்டன்களும் சேர்ந்து கப்பி, கயிறு, பாரம் எல்லாவற்றோடும் உங்கள் கட்டிலைத் திருப்பினார்கள். திருப்பி முடித்துப் பார்த்தால் உங்கள் முகம் நேரே என்னைப் பார்த்தது. மக்காவுக்கும் உங்களுக்கும் நடுவில் என் கட்டில் கிடந்தது. சுவர் மணிக்கூடு உங்கள் தலைக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தரம், "டீச்சர், மணி என்ன?" கிறிஸ்தவ வேதக்காரியான நான் உங்கள் தொழுகை நேரத்துக்குக் காவற்காரி ஆனது இப்படித்தான்.

நான் அசையாமல் கிடந்தேன். அசையாமல் கிடந்தால் எலும்பு வேளைக்குச் சேரும் என்பது என் கணக்கு. படிப்பித்த ஆளுக்கு இருக்கிற திமிர், யாரையும் கேட்கவில்லை. சிறுநீர்ச் சட்டி கேட்க வெட்கம் என்பதால் தண்ணீரையும் குறைத்தேன். முதுகு நமைத்தாலும் சொல்லவில்லை. நீங்களோ ஒரு பொழுதும் சும்மா இல்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் முன்னால் உடம்பும் துணியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நர்ஸைப் பிடித்துத் துடைத்து, விரிப்பை மாற்ற வைத்தீர்கள். தலைக்கு மேல் தொங்கும் கயிற்றைப் பிடித்து இடுப்பைத் தூக்கினீர்கள். பிறகு கையை உயர்த்தி, ஓதி, தலையைக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி ஓதினீர்கள். ஒரு மாதத்தில் உங்கள் முதுகில் ஒரு சிவப்புக்கூட இல்லை. என் முதுகில் இரண்டு இடம் தோல் உரிந்துவிட்டது.

"டீச்சர், கால் ஒண்டுதானே ஒடஞ்சீக்கி. மத்ததெல்லாம் என்னத்துக்குச் சும்மா கெடக்கு?" என்று கேட்டீர்கள்.

"அது உங்கட சமயம். நீங்கள் அசையுங்கோ" என்றேன்.

இனி அந்தப் பாரத்தின் கதை. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. உங்களைப் பார்க்க அக்குறணையிலிருந்து வந்த பெண்கள் எல்லாருக்கும் தொங்கும் இரும்பைப் பார்த்ததும் கண் கலங்கும். ஒடிந்த காலில் இரும்பைக் கட்டி இழுக்கிறார்களே, பாவம் இல்லையா என்பார்கள். ஒருநாள் உங்கள் மாமி, யாரும் பார்க்காத நேரம் அதைத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டார். நீங்கள் வார்ட் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டு மறுபடி தொங்கவிட வைத்தீர்கள். கிழவி அழுதுகொண்டே போனார். அன்று நான் மனதுக்குள் சிரித்தேன். படிப்பில்லாத சனம் என்று நினைத்தேன். அதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த கிழமை அண்ணா வந்தார். பொல்காவலையில் ரெயில் மாறி, தூக்கமில்லாமல், ஒரு பை பனங்கட்டியோடு வந்து நின்றார். நான் கண் அயர்ந்திருந்தேன். நாற்பது வருடம் எழுதுவினைஞராக இருந்த மனிதர், ஆங்கிலத்தில் பெட்டிஷன் எழுதுகிறவர். உங்கள் மாமி செய்ததையே செய்தார். பாரத்தைத் தூக்கி ஒரு முக்காலியில் வைத்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிவிட்டார்.

கண் விழித்தபோது கால் லேசாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. கண்ணைத் தாழ்த்திப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. கப்பியும் பாரமும் நான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பாடம். ஆனாலும் பேசாமல் கிடந்தேன். "நோ எப்பிடி?" என்று அண்ணா கேட்டார். "குறைஞ்சு வருது அண்ணா, பாருங்கோ, எவ்வளவு சுகமா இருக்கிறன்" என்றேன். எனக்குச் சுகமாகிக்கொண்டு வருகிறது என்று அவர் நம்ப வேண்டும். அதற்காக அந்த முக்காலி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். அவர் போனார். தொடை இறுகத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். நர்ஸைக் கூப்பிட்டால் அண்ணாவைக் குறை சொல்ல வேண்டும், நான் இவ்வளவு நேரம் ஏன் பேசாமல் இருந்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்கு நீங்கள் முகத்தை நிமிர்த்தினீர்கள். என் கட்டில்தானே உங்களுக்கு எதிரே. தொழுகையைத் தொடங்காமலே சத்தம் வைத்தீர்கள்.

"மிஸ்ஸி, டீச்சர்ட கல்லு கீழ தொங்கல்ல. ஓடி வாங்க."

டொக்டர் வந்து நாடாவால் அளந்தார். கால் அரை அங்குலம் மேலே ஏறியிருந்தது. காலைவரை விட்டிருந்தால் குட்டையாகவே சேர்ந்திருக்கும் என்று சொல்லி, பாரத்தில் இன்னும் இரண்டு இறாத்தல் கூட்டினார். வார்ட்டில் எல்லாரும் பார்த்தார்கள். வகுப்பில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளை மாதிரிக் கிடந்தேன். உங்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான்கு நாள் உங்களோடு பேசவில்லை. நீங்கள் மணி கேட்டபோது மறுபக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டேன். வேறு யாரையோ கேட்டுத் தொழுதீர்கள். நான் செய்த கேவலமான காரியங்களில் அதை முதலாவதாக வைப்பேன்.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது, இருமலும் வந்தது. டொக்டர் நர்ஸிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இவர் மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறார், நெஞ்சு தாங்காது. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை மறந்துவிட்டார் போல. அவர் போன பிறகு போர்வையால் முகத்தை மூடினேன். சாவதற்குப் பயப்படவில்லை ராத்தா, மெய்யாக. அந்த நாற்பத்தொரு படி இனி இல்லை என்பதுதான் அழுகையாக வந்தது.

"டீச்சர்" என்றீர்கள். நான் போர்வையை விலக்கவில்லை.

"டீச்சர், ஒங்கட கோவத்த வெச்சுக்கோங்க. நான் கேக்கல்ல. அஸருக்கு நான் கைய ஒசத்துற நேரம் நீங்களும் ஒசத்துங்க. அவ்வளவுதான்."

"நான் உங்கட சமயம் இல்ல."

"எண்ட ஓதல ஓதச் சொன்னேனா? ஒங்களுக்குத் தெரிஞ்சத ஓதுங்க."

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என்ன? வேதாகமத்தில் நாலு வசனம் சொல்வதற்குள் தடுமாறுவேன். தடுமாறாமல் வருவது வாய்ப்பாடுதான். அன்று மூன்றரைக்கு, அஸர் தொழுகை நேரம், நீங்கள் கையை உயர்த்தினீர்கள். நானும் உயர்த்தினேன். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னேன், ஒவ்வொரு வரிக்கும் ஒரு முழு மூச்சு. ஐந்தாம் வரியில் இருமி இருமிச் சளி வெளியே வந்தது. நர்ஸ் ஓடி வந்து முதுகைத் தட்டினார். நீங்கள் தொழுது முடித்து, சலாம் கொடுத்து, பிறகுதான் என் பக்கம் பார்த்துச் சிரித்தீர்கள்.

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஐந்து வேளை. உங்களுக்கு முன்னால் என்னையும் துடைத்தார்கள், கயிற்றைப் பிடித்து நானும் தூக்கினேன், தண்ணீரும் குடித்தேன், வெட்கத்தை விட்டுச் சட்டியும் கேட்டேன். சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா. நான் அவற்றின் பெயர்களைப் படித்தேன், நீங்கள் வாய்ப்பாட்டைப் படித்தீர்கள். ஏழு வரை பிழையில்லாமல் வருவீர்கள். எட்டில் மட்டும் விழுவீர்கள். "பன்னண்டு எட்டு தொண்ணூத்தெட்டு." எத்தனை தரம் திருத்தியிருப்பேன். தொண்ணூற்றாறு என்று சொல்லி வைத்தால் மாலைக்குள் மறுபடி தொண்ணூற்றெட்டு ஆகிவிடும். இப்படி ஒரு மாணவியை நான் கண்டதே இல்லை என்று கத்தினேன். நெஞ்சில் சளி இல்லாத ஆளால்தான் அப்படிக் கத்த முடியும் என்று நர்ஸ் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்து பாரத்தை எடுத்தார்கள். உட்கார வைத்ததும் எனக்கு வார்ட் சுற்றியது. தொடை மெலிந்து கையளவாகிவிட்டது. உங்கள் கால் ஒன்றரை அங்குலம் குறைந்து சேர்ந்திருந்தது, வீட்டில் கழிந்த அந்தப் பத்து நாளின் விளைவு. "செருப்புக்கு அடியில தோல் அடுக்கினாப் போச்சு" என்றீர்கள். அதற்கு நீங்கள் அழவில்லை. கதிரையில் உட்கார்ந்து முதல் தரம் தொழுதபோதுதான் அழுதீர்கள். நானும் அழுதேன், ஆறாம் வரியில்.

கமக்கட்டில் தடிகளை வைத்து நிற்கப் பழகினோம். முதல் கிழமைகளில் ஒடிந்த கால் நிலத்தில் பட்டும் படாமலும். படிக்கு நர்ஸ் ஒரு விதி சொன்னார். நீங்கள் அதை இப்படி வைத்துக்கொண்டீர்கள்: "மேல ஏற நல்ல கால் முந்தும். கீழ எறங்க ஒடஞ்ச கால் முந்தும்." இன்றைக்கும் படியில் கால் வைக்கும்போது உங்கள் குரலில்தான் அது எனக்குக் கேட்கிறது.

அண்ணா என்னைக் கூட்டிப் போகவே வந்தார். பெட்டி கட்ட ஆள்கூட ஒழுங்கு செய்துவிட்டார்.

"தங்கச்சி, நிக்கிறது வேற, நடக்கிறது வேற. அந்தப் படியளில நீ என்னெண்டு ஏறப் போறாய்? மூலை அறை காற்றோட்டமாக் கிடக்கு. வா."

ஆஸ்பத்திரி விறாந்தையிலிருந்து அடுத்த கட்டிடத்துக்குப் போக நாலு படி இருந்தது. நான் அதைக் காட்டினேன். "இதில ஏறிக் காட்டினா நீங்கள் தனிய ரெயில் ஏறுவீங்களோ?" அண்ணா நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு என் பின்னால் வந்து நின்றார். நீங்கள் விறாந்தை வாங்கில் உங்கள் தடிகளோடு உட்கார்ந்திருந்தீர்கள்.

முதல் படி ஏறினேன். இரண்டாம் படி ஏறினேன். மூன்றாவதில் நின்றுவிட்டேன். தடிப் பிடி வியர்வையில் வழுக்கியது. கீழே பார்த்தேன், அது பிழை. எல்லாம் முடிந்தது, இறக்கிவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன்.

நீங்கள் வாங்கில் இருந்தபடி உரக்கத் தொடங்கினீர்கள். "பன்னண்டு ஒண்டு பன்னண்டு. பன்னண்டு ரெண்டு இருவத்திநாலு." நோயாளிகள் எல்லாரும் திரும்பினார்கள். நீங்கள் நிறுத்தவில்லை. ஏழு வந்தது, எண்பத்துநாலு. "பன்னண்டு எட்டு தொண்ணூத்தெட்டு."

"தொண்ணூற்றாறு" என்று கத்திக்கொண்டு நல்ல காலை மேலே வைத்தேன். தடிகளும் மற்றக் காலும் பின்னால் வந்துவிட்டன. நாலாம் படியில் நின்று திரும்பி, "தொண்ணூற்றாறு ராத்தா, எத்தனை தரம் சொல்லுறது" என்றேன். அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உன்னோட ஆர் கதைக்கிறது. நான் தனிய வாறன் எண்டு வீட்டில சொல்லுறன்" என்றார்.

நீங்கள் வீட்டுக்குப் போகும் நாளில் இந்தப் பேணியை என் மடியில் வைத்தீர்கள். இனித் தண்ணீரால் ஒளுச் செய்யலாம், மண் தேவையில்லை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். நான் அந்த வருடம் கடைசித் தவணைக்கு வகுப்புக்குப் போனேன். நாற்பத்தொரு படிக்கும் முதல் நாள் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிள்ளைகள் மேலே வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியாவது சத்தம் போடவில்லை. இப்போது ஒரு தடியோடு பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறேன்.

பிறகு வருடத்துக்கு இரண்டு மூன்று தரம் பஸ்ஸில் வந்து உங்களைப் பார்த்தேன். தோல் அடுக்கிய செருப்போடு நீங்கள் டக் டக் என்று நடந்து வருவீர்கள். சமையலறைவரைக்கும் போய் வட்டிலப்பம் எடுத்து வருவீர்கள். மருமகளை எழும்ப விடமாட்டீர்கள். அந்த நாலாம் படியில் என்னை ஏற்றுவதற்காக வேண்டுமென்றுதான் பிழையாகச் சொன்னீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "நான் எப்ப டீச்சர் பிழையாச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு வட்டிலப்பத்தை என் கையில் தந்தீர்கள். சந்தேகம் அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் நான் வந்தபோது வீடு நிறையச் சனம். உங்கள் கணவர் வாசலில் இருந்தார், என் கைத்தடியைப் பார்த்ததும் எழுந்து கதிரை தந்தார். உங்கள் மருமகள் என்னை உள்ளே கூட்டிப் போய் நீங்கள் தொழும் கதிரையைக் காட்டினாள். அன்றும் நீங்களே நடந்து போய் ஒளுச் செய்து, ளுஹர் தொழுது முடித்து, இந்தக் கதிரையில் இருந்தபடிதான் போனீர்கள் என்றாள். நோகவில்லை, படுக்கையில் கிடக்கவில்லை. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பிறகு அவள் சொன்னாள்:

"டீச்சர், உம்மா தொழுது முடிச்சு, துஆக் கேட்டு, எழும்ப முந்தி கால நீட்டி நீட்டி மடக்குவாங்க. ஒவ்வொண்டுக்கும் ஒரு கணக்குச் சொல்லுவாங்க. என்ன உம்மா இதுண்டு கேட்டா, ஒண்டு எண்ட காலுக்கு, ஒண்டு டீச்சர்ட காலுக்குண்டு சொல்லுவாங்க. அஞ்சு நேரமும் சொல்லுவாங்க. கேட்டுக் கேட்டு எங்கட புள்ளைகளுக்கும் பாடம்."

அவளுடைய மகள், ஏழு வயதிருக்கும், கூப்பிட்டதும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாள். பன்னண்டு ஒண்டு பன்னண்டு. நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஏழுவரை ஒரு தடங்கலும் இல்லை. அடுத்து, தெளிவாக, உங்கள் குரலின் அதே இழுப்போடு சொன்னாள்: "பன்னண்டு எட்டு தொண்ணூத்தெட்டு."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடம் கணக்குப் படிப்பித்த வாய் இது, ராத்தா. ஒரு பிள்ளையின் பிழையை ஒருநாளும் தாண்டிப் போனதில்லை. ஒன்பது வருடம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, என் கால் அந்தப் பிழையான கணக்கின்மேல்தான் நடந்திருக்கிறது. ஒரு தரமும் வழுக்கவில்லை. "சரி மகள், நல்லாச் சொன்னாய்" என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வந்து பள்ளிக்கூடக் கேற்றில் இறங்கியபோது மணி மூன்றரை, உங்கள் அஸர் நேரம். படியடியில் நின்று ஒரு முழு மூச்சு எடுத்தேன். நல்ல காலை முந்த வைத்தேன். ஏழுவரை என் கணக்கைச் சொன்னேன், எட்டாவதில் உங்களுடையதைச் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் ஏறுகிறேன்.

பேணி மண்ணை இன்றைக்கு வெயிலில் காய வைத்திருக்கிறேன். மாலையில் அள்ளி உள்ளே போட்டு, மூடியை ஒரு நூலால் கட்டி வைப்பேன். இப்போது இதை உரக்க வாசிக்கப் போகிறேன், கேளுங்கள்.

உங்கள் டீச்சர்